ஏழு நொடிப் பலகை

காலை ஏழரை. குஷிரோவில் கடலிலிருந்து ஏறிய மூடுபனி
தேர்வை நிறுத்தும் அளவுக்கு இல்லை.
திடலில் ஒன்பது பேர்
வண்டியில்லாமல் வண்டி ஓட்டுகிறோம்.
முழங்கைக் காப்பு, முழங்கால் காப்பு, மார்பில் எண்,
காற்றில் ஒரு ஹேண்டில்பார்.
தோள் திருப்பிப் பார்த்து, "இடது" என்று முணுமுணுத்து
இடப்பக்கம் திரும்பி நடக்கிறோம்.
வழியை இப்படித்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.
வேலி மேல் ஒரு காகம்
எங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டது.

எனக்கு முன்னால் ஓனுகி. பத்தொன்பது வயது,
நூடுல்ஸ் கடையில் கிண்ணம் கழுவுகிறவன், நான்காவது தடவை.
இல்லாத சிவப்பு விளக்குக்கு அவன் நின்றான்.
நான் போய் முதுகில் மோதினேன்.
இருவரும் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.
வண்டி ஏறும் முன்பே விபத்து.

எனக்கு ஐம்பத்திரண்டு. மூன்றாவது தடவை.
முதல் முறை பலகையின் மூன்றாவது மீட்டரில் விழுந்தேன்.
இரண்டாம் முறை விழவில்லை,
நான்கே நொடியில் தாண்டிவிட்டேன்;
மதிப்பெண் மொத்தமும் கொட்டிப்போனது.

முப்பது சென்டிமீட்டர் அகலம், பதினைந்து மீட்டர் நீளம்,
தரையிலிருந்து ஐந்தே சென்டிமீட்டர் உயரம்.
அந்த உயரத்திலிருந்து விழுந்து
எந்த எறும்பும் செத்ததில்லை.
அதன் மேல் ஏழு நொடிக்குக் குறையாமல் போக வேண்டும்.
குறையாமல்.

துறைமுகத்துப் பனிக்கட்டி ஆலையில் இருபத்தாறு வருடம்.
சீக்கிரம், சீக்கிரம், உருகுகிறது பார்
என்ற குரலில் பழகிய கைகள் இவை.
மெதுவாகப் போனால்தான் தேர்ச்சி என்று
இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.
பயமோ அவசரக்காரி.
ஓடு, முடித்துவிடு,
நீ முடித்தால் நானும் போய்விடுவேன் என்கிறாள்.
பொய். போகமாட்டாள்.

மருந்துக்கடை மாத்திரை போட்டுப் பார்த்தேன்; தூக்கம்தான் வந்தது.
உள்ளங்கையில் 'மனிதர்' என்ற எழுத்தை
மூன்று முறை விரலால் எழுதி விழுங்கு என்றாள் ஆலையில் ஷிஹோ.
விழுங்கினேன்.
மூன்று பேரும் வயிற்றுக்குள் போய்
என்னோடு சேர்ந்து நடுங்கினார்கள்.

பிறகு, ஏழு நொடி என்பது எவ்வளவு என்று
அளக்கத் தொடங்கினேன்.
ஒரு கிண்ணம் மிசோ சூப் ஆற ஊதும் மூச்சு, இரண்டு.
மாடிப்படி, பதினொன்று, வேகமாக.
"இந்த வயசுல எதுக்கும்மா பைக்?" என்று
மகன் போனில் கேட்டதும் நான் பேசாமல் இருந்தது
சரியாக ஏழு.

"ஆறாம் எண். கசாய்-சான்."

ஏறி உட்கார்ந்தேன். தொடை தனியாக ஆடியது.
சாவியைத் திருப்பினேன்.
நானூறு சிசியும் அடியில் நடுங்க ஆரம்பித்தது.
என் நடுக்கம் அதற்குள் போய் ஒளிந்துகொண்டது.
எது என்னுடையது, எது எஞ்சினுடையது என்று
ஹிராகா அதிகாரியின் பேனாவாலும்
இனிப் பிரிக்க முடியாது.

பலகை.
ஒன்று, முன்சக்கரம் ஏறும் சின்னத் துள்ளல்.
இரண்டு, பாதி கிளட்ச், வலது காலடியில் கொஞ்சம் பிரேக்.
பலகையைப் பார்க்காதே, தூரத்தைப் பார் என்பார்கள்.
பனியில் தூரம் என்று ஒன்று இல்லவே இல்லை.
இல்லாததைப் பார்த்தேன்.
மூன்று, முழங்கால்கள் டேங்கை இறுக்கின.
நாலு,
அதன் பிறகு எண்ண மறந்துவிட்டேன்.
துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது.
அது ஊதி முடியும்வரை
நான் பலகை மேல்தான் இருந்தேன்.

அடுத்த வளைவில் சிக்னலை அணைக்க மறந்தேன்.
கடைசிவரை இடது, இடது என்று
மினுக்கிக்கொண்டே வந்தது அது.
முடிவு மதியம்தான் சொல்வார்கள்.

காத்திருக்கும் பெஞ்சில் ஓனுகி கையுறையைப் பிழிந்துகொண்டிருந்தான்.
"பயமா இருந்துச்சா?"
"இருந்துச்சு."
"இப்ப?"
"இருக்கு."
அவன் எண்ணை அழைத்தார்கள்.

பெஞ்சிலிருந்து பலகை தெரியாது.
பனிக்குள்ளிருந்து எஞ்சின் சத்தம் மட்டும்,
குறைந்து, இன்னும் குறைந்து.
பேசிக்கொண்டிருந்த எட்டுப் பேரும் நிறுத்தினோம்.
சத்தமில்லாமல் உதடுகள் அசைந்தன.
நாலு.
ஐந்து.
ஆறு